மருதாயியின் கூடையில் நாங்கள் போட்ட பழம்

என் கூடப்பிறந்தவளே, மருதாயி,

உன்னைக் களவாணி என்று சொன்னார்கள். காய்ச்சலில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்த உன் பேரை, காலையில் ஆள் கூப்பிடுகிற பிரட்டுக் களத்தில் எல்லோரும் கேட்க வெட்டினார்கள். உன் வீட்டுக்கு அரிசியை நிறுத்தினார்கள். நீ ஒரு காப்பிப் பழம்கூடத் திருடவில்லை. இது முதலில் சொல்லப்பட வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

நீ போய்ப் பதினாலு பழக்காலம் ஆகிறது. இத்தனை நாள் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எனக்கு யாரும் எழுத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கலகெதரக் கடையில் கருவாடு சுற்றித் தருகிற அச்சுத் தாள்களை வைத்து நானே கூட்டிக் கூட்டிப் படித்தது உனக்குத் தெரியும். "அண்ணே படிக்க ஒக்காந்தா லயமெல்லாம் கருவாட்டு வாசம்" என்று சிரிப்பாய். இப்போது வாசம் போய்விட்டது. எழுத்து தங்கிவிட்டது.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. மூன்று பிரதி எழுதுகிறேன். ஒன்று பழம் அளக்கிற ஸ்டோர்க் கதவுக்கு, ஒன்று கோயில் சுவருக்கு, ஒன்று கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இருக்கிற முதலாளி கடைக்கு. படிக்கத் தெரியாதவர்களுக்கு வண்டிக்காரர்கள் படித்துக் காட்டுவார்கள். அதனால் உனக்குத் தெரிந்த விஷயத்தையும் சொல்லுவேன். பொறுத்துக்கொள்.

பொன்னி நன்றாக இருக்கிறாள். உன் மகளை நான் லய வரிசையில் என் ஒற்றை அறைக் காம்பராவிலேயே வைத்து வளர்த்தேன், கட்டிக்கொடுத்தேன். இரண்டு பிள்ளைகள். சிரிக்கும்போது உன்னைப் போலவே வாயைப் பொத்திக்கொள்கிறாள். பல் வரிசையாகத்தான் இருக்கிறது. எதற்குப் பொத்துகிறாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நீ எதற்குப் பொத்தினாய்?

தோட்டம்தான் நன்றாக இல்லை. காப்பி இலைக்கு அடியில் மஞ்சள் பொடி படிந்து இலை கொட்டுகிறது. செடி மொட்டையாக நிற்கிறது. துரைமார் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். காப்பியைப் பிடுங்கிவிட்டு வேறு ஏதோ நடப் போகிறார்களாம். செடிக்கு வந்த நோய் போதாது என்று லயத்துக்கும் காய்ச்சல் வந்திருக்கிறது. பொன்னியின் புருஷன் இரண்டு மாதமாகப் படுக்கையில். நான் உனக்கு எழுத உட்கார்ந்தது அதனால்தான். அதற்கு முன்னால், அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாம் கடல் தாண்டி மன்னாரில் இறங்கி வடக்கு ரோட்டில் நடந்து வந்தது நினைவிருக்கும். உன் வீட்டுக்காரருக்குப் பாதி வழியில் பேதி கண்டது. கூட்டிவந்த ஆள் நிற்க மாட்டேன் என்றான். நீயும் நானும் மட்டும் மரத்தடியில் அவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நீ அப்போது பொன்னியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாய். கூட்டம் நம்மைத் தாண்டிப் போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே ஒருத்தி, முகம்கூட நமக்குத் தெரியாது, ஓடி வந்து தன் மடியிலிருந்து ஒரு பிடி அவலை உன் முந்தானையில் போட்டுவிட்டு ஓடினாள். ஒரு பிடிதான். மறுநாள் அவரைப் புதைத்துவிட்டு நாம் அதைத் தின்று நடந்தோம்.

இந்த மலைக்கு வந்து இரண்டாவது பழக்காலத்தில், பக்கத்துக் காம்பராக் கருப்பாயிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பழக்காலத்தில் காலையில் பேர் கூப்பிட்டாலும் ஆளைப் பார்க்க மாட்டார்கள். சாயங்காலம் அந்த ஆளின் கூடை ஸ்டோருக்கு வந்ததா என்றுதான் பார்ப்பார்கள். கூடை வந்தால் செக்ரோல் என்கிற பேர்ப் புத்தகத்தில் பேர் விழும். பேர் விழுந்தால் வீட்டுக்கு அரிசி. கூடை வராத வீட்டில் நோயாளியும் பட்டினி, பிள்ளைகளும் பட்டினி. நீ கருப்பாயியின் வெறும் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு வந்தாய். பழம் பறிக்கிற நிரையில் நின்ற பெண்களிடம் நீ ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. உன் கூடையிலிருந்து ஒரு பிடி பழத்தை அதில் போட்டுவிட்டு அடுத்தவள் காலடியில் வைத்தாய். அவள் பார்த்தாள், போட்டாள். கூடை நிரையின் கடைசிக்குப் போகும்போது பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

அப்படித்தான் அது வழக்கமாயிற்று. ஆளுக்கு ஒரு பிடி. இரண்டாம் பிடி கூடாது. யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று பார்க்கக் கூடாது. நோய் தீர்ந்து எழுந்து வந்தவள் யாருக்கும் கும்பிடு போடக் கூடாது. இதெல்லாம் நீ வைத்த சட்டம். "ஒரு பிடிதாண்ணே. அது எடுத்தா யாருக்கும் கொறயாது, சேந்தா ஒரு வீடு நிக்கும்" என்றாய்.

என் வேலை கூடைகளைத் தூக்கிப்போய் அளவுப் பெட்டியின் பக்கத்தில் வைத்து, இது இன்னார் கூடை என்று சொல்வது. காய்ச்சலில் கிடந்தவர்கள் பேரையெல்லாம் நான் வாய் கூசாமல் சொன்னேன். ஏழு பழக்காலம் சொன்னேன். பொய்தான். அந்தப் பொய்க்காக எந்தச் சாமியிடமும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை.

பிறகு நீ படுத்தாய்.

அன்றைக்கு நிரையில் நடந்ததை நான் மேலே நின்று பார்த்தேன். உன் கூடை முதல் பெண்ணிடம் போனது. அவள் ஒரு பிடி போட்டாள். போட்டுவிட்டு நின்றாள். இன்னொரு பிடி போட்டாள். அடுத்தவள் மூன்று. கருப்பாயி தன் கூடையைத் தூக்கி அப்படியே கவிழ்க்கப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்தாள். அடுத்த மலையில் பறித்தவர்கள்கூட இறங்கி வந்து போட்டுவிட்டுப் போனார்கள். உன்னோடு தண்ணீர் பிடிக்கிற பீலியில் சண்டை போட்டு ஒரு வருஷம் பேசாமல் இருந்தவளும் போட்டாள். உன் சட்டத்தை ஒருத்தியும் மதிக்கவில்லை.

கூடை மேலே கோபுரமாக வந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? கூடையின் தலையைத் தட்டி, மிஞ்சினதை மற்றக் கூடைகளில் பிரித்துப் போட்டிருக்க வேண்டும். ஏழு பழக்காலம் இந்த வேலை செய்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் எனக்குப் பெருமையாக இருந்தது, மருதாயி. என் தங்கச்சிக்கு இவ்வளவு பேரா என்று நெஞ்சு விம்மியது. அந்தக் கூடையை ஒரு பழம் சிந்தாமல் தலையில் தூக்கிக்கொண்டு போய், முழுத் தொண்டையில் உன் பேரைச் சொன்னேன்.

கணக்கப்பிள்ளை அளந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு, மருதாயியா? இந்த வருசத்துக்கே இதுதாம்ப்பா பெரிய கூட! கூப்பிடு அவள. தொரை இப்ப வந்துருவாரு. அவரு கையால ஒரு சேல குடுக்கச் சொல்றேன்."

நான் கூப்பிடப் போகவில்லை. அவருக்கு அன்று நல்ல மனசு. நீ களைத்துப்போய் லயத்துக்குப் போயிருப்பாய் என்று நினைத்து, அவரே உன்னைத் தேடி வந்தார். கம்பளியை விலக்கிப் பார்த்தார். மூன்று நாளாக எழுந்திருக்காத உடம்பு என்று யார் பார்த்தாலும் தெரியும். அவருடைய நல்ல மனசு அந்த இடத்திலேயே விஷமாகிவிட்டது. தன்னை முட்டாளாக்கிவிட்டதாக நினைத்தார். யாரையோ வைத்து மற்றவர்கள் கூடையிலிருந்து அள்ளி உன் கூடையை நிரப்பிக்கொண்டாய் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை பிரட்டுக் களத்தில் உன் பேர் போயிற்று.

நான் ஓடி வந்து, பேர் போனதையும் வருஷத்துக்கே உன் கூடைதான் முதல் என்றதையும் உன்னிடம் சொன்னபோது நீ சிரித்தாய். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. "மொதக் கூடயா? எனக்கா? நின்னு பறிச்ச காலத்துலயே எனக்கு மொதக் கூட வந்ததில்லயேண்ணே" என்று கேட்டு, இருமி இருமிச் சிரித்தாய்.

அப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னாய். நான் பிரட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லுகிறேன் என்று எழுந்தேன். வாசலில் கருப்பாயியும் இன்னும் நாலு பேரும் அழுதுகொண்டு நின்றார்கள். நீ அவர்களையும் உள்ளே கூப்பிட்டாய்.

"ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. நீங்க போட்டீங்கன்னு தெரிஞ்சா ஒங்க பேரும் போயிரும். அப்பறம் யாரு கூடையில யாரு போடுறது? என்னயக் களவாணின்னு சொன்னா சொல்லிட்டுப் போறான். நா என்ன, நாளக்கிப் பிரட்டுக்கா போவப்போறேன்?"

நாங்கள் கேட்டோம். எல்லோரும் உன் பேச்சைக் கேட்டோம். கருப்பாயி தன் கூடைக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்த கஞ்சியை நீ பொன்னிக்கு ஊட்டச் சொன்னாய். ஆறாம் நாள் நீ போய்விட்டாய். நீ காப்பாற்ற நினைத்த வழக்கமும் உன்னோடு போய்விட்டது. அதற்குப் பிறகு கணக்கப்பிள்ளை கூடைக்கு ஒரு ஆளைக் கண்ணால் பார்த்துத்தான் அளந்தார். நாங்கள் வாயை மூடிக்கொண்டதில் யாருக்கு என்ன லாபம்? இதை உன்னிடம் கேட்கத்தான் இத்தனை வருஷமாகக் காத்திருந்தேன். நீ பதில் சொல்லமாட்டாய். உயிரோடு இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாய்.

இப்போது பொன்னியின் கதைக்கு வருகிறேன்.

கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் இருக்கிற கடைக்காரர்கள் சிலரும் இரண்டு மூன்று துரைசானிகளும் சேர்ந்து, நோய் விழுந்த ஏழை வீடுகளுக்கு அரிசியும் மருந்தும் கொடுக்கிறார்கள். சிங்களக் கிராமங்களுக்கும் போகிறது, லயங்களுக்கும் வருகிறது. வீட்டுக்காரர் எழுந்து வேலைக்குப் போகிறவரை கொடுக்கிறார்கள். நல்ல காரியம். இந்தச் சடையன் குறை சொல்லவே பிறந்தவன் என்று பேசுகிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கட்டும். நல்ல காரியம்.

ஆனால் ஒரு சீட்டு வேண்டும். இது யோக்கியமான வீடுதான் என்று கங்காணி எழுதித் தர வேண்டும். பொன்னி போய்க் கேட்டாள். அன்று சின்னக் கங்காணியாக இருந்தவர்தான் இன்று பெரிய கங்காணி.

"ஒங்காத்தா கூடயப் பத்தி இந்தத் தோட்டத்துல தெரியாதவன் யாரு? நாஞ் சீட்டக் குடுத்துட்டு, நாளக்கி கண்டிக்காரங்க வந்து களவாணி வீட்டுக்கா குடுத்தேன்னு கேட்டா, நீயா பதில் சொல்லுவ?" என்றாராம்.

அவள் அழவில்லை. வந்து என் முன்னால் உட்கார்ந்து, "மாமா, எங்காத்தா திருடுனாங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு வயது இருபது தாண்டிவிட்டது. இந்தக் கேள்வியை இப்போதுதான் முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்கிறாள். எத்தனை வருஷம் அதை உள்ளே வைத்திருந்தாளோ.

அன்றைக்கு உன் பேச்சை மீறினேன். முதலில் அவளிடம் சொன்னேன். மறுநாள் விடியற்காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு மலை இறங்கி, கட்டுகஸ்தோட்டைக்கு நடந்து போய், அரிசி கொடுக்கிற முதலாளியிடம் சொன்னேன். இஸ்மாயில் முதலாளி என்று பேர். பாலத்தடியில் கடை. நான் நின்றுகொண்டே பேசுவதைப் பார்த்துவிட்டு, நாற்காலியைக் காட்டி, "கதிரையில இரிங்க பெரியவர். கோவத்தயும் இருத்தி வெச்சிட்டு செல்லுங்க" என்றார்.

சொன்னேன். ஒரு பிடி, நிரை, கூடை, கோபுரமாக வந்தது எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சீட்டில்லாமக் குடுக்க ஏலாதுன்டுதான் எங்கட கூட்டத்துல பேசினது" என்று தொடங்கினவர், நடுவில் நிறுத்திவிட்டார். "எங்கட ஊட்டுப் பொம்புளையள் சோறாக்கப் போற நேரம் ஒரு பிடி அரிசிய வேறயா ஒரு சட்டியில போட்டு வெப்பாங்க. பள்ளிவாசலுக்கு, இல்லாத ஊட்டுக்கு. என்னட்டக் கேட்டா போடுற? அது என்ட அரிசிதானே. இத்தின வருசமா நான் அதக் களவுன்டு ஒரு நாளும் நெனச்சதில்ல."

பொன்னி தலையில் ஒரு மூட்டை அரிசியோடு திரும்பினாள். ஆனால் அவர் எங்களை வாசல்வரை வந்து அனுப்பும்போது ஒன்று சொன்னார். "இது நான் என்ட கையால தாறது. அடுத்த மொற கூட்டத்துல மத்தவங்களும் இரிப்பாங்க. ஒங்கட கங்காணிட வாயால ஒரு சொல்லு வரட்டும். அந்தக் களவுன்ட சொல்லு அங்கதானே இரிக்குது, இங்க இல்லயே."

அது சரிதான் என்று எனக்குப் பட்டது. திரும்பி வந்து கருப்பாயியிடம் போனேன். அவளுக்கு இப்போது ஒரு கண் மங்கல், நாக்கு மட்டும் மங்கவில்லை. அன்று நிரையில் நின்றவர்களில் பலர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள், சிலர் உன் பக்கத்திலேயே படுத்திருக்கிறார்கள். மிஞ்சினவர்கள் ஐந்து பேர். "இத்தன வருசங் கழிச்சு இப்பத்தான் ஒங்களுக்கு ரோசம் வந்துச்சா?" என்று என்னைக் கேட்டாள் கருப்பாயி. பிறகு கம்பளியை உதறிப் போர்த்திக்கொண்டு, "நடங்க" என்றாள்.

மறுநாள் பிரட்டுக் களத்தில் ஐந்து பேரும் போய் நின்றார்கள். வேலைக்கு நிற்கிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். கருப்பாயி சொன்னாள், அந்தக் கூடையில் நாங்கள்தான் போட்டோம் என்று. கங்காணி சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அது முடிஞ்ச கததானே, இப்ப எதுக்கு?"

"முடிஞ்சது அவளுக்கு. எங்களுக்கு இன்னும் முடியல."

"வெட்டுன பேர எங்கருந்து சேக்குறது? அந்தப் பழைய செக்ரோல் புஸ்தகத்தயே கறையான் தின்னுருச்சு."

"புஸ்தகத்தத்தான தின்னுச்சு. ஒங்க வாயத் திங்கலயே? அந்த வாயாலதான முந்தா நாளு பொன்னியக் களவாணி மகள்னீங்க?"

சிரிப்பு எழுந்தது. அவர் முறைத்தார். கருப்பாயி விடவில்லை. "அப்ப ஒங்க வீட்டம்மாவும் எங்க நெரையிலதான் பறிச்சாங்க. அவுகளும் ரெண்டு பிடி போட்டாக. அவுக கை பெரிய கை. போயி கேட்டுப் பாருங்க."

கங்காணிக்கு முகம் மாறிவிட்டது. பேர் கூப்பிடத் தொடங்கினார். ஐந்து பேருடைய வீட்டு ஆட்களின் பேரும் விழுந்தது. நீ பயந்த மாதிரி யாருடைய பேரும் வெட்டப்படவில்லை. பதினாலு பழக்காலத்துக்கு முன்னால் சொல்லியிருந்தாலும் இப்படியே நடந்திருக்குமா, இல்லை எல்லோரும் தெருவுக்கு வந்திருப்போமா? எனக்குத் தெரியவில்லை. நீ அன்று சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

சாயங்காலம் சீட்டு வந்தது. பொன்னியின் வீடு யோக்கியமான வீடு என்று இருந்தது. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைத் திருப்பி அனுப்பிவிடு என்றேன். பொன்னி என் கையிலிருந்து சீட்டைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மாமா, ஒங்க ரோசத்த ஒலையில போட்டா சோறாகாது. அவரு எந்திரிச்சு நடக்கட்டும். அப்பறம் சேந்து சண்ட போடுவோம்."

அவள் புருஷன் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறான். நேற்றுக் கஞ்சியில் உப்புப் போதவில்லை என்று குறை சொன்னான். கேட்டதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன். யார் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லுகிறேன்.

கங்காணி, எந்தக் களத்தில் உன் பேர் வெட்டப்பட்டதோ அதே களத்தில், ஆட்கள் எல்லோரும் நிற்கும்போது, மருதாயி திருடவில்லை என்று வாயால் சொல்ல வேண்டும். சீட்டில் எழுதினால் போதாது. எங்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது.

கணக்கப்பிள்ளை ஓய்வு வாங்கிக்கொண்டு கலகெதரையில் இருக்கிறார். அவர் நடந்து வர முடியாவிட்டால் நான் வண்டி பிடித்துப் போகிறேன். அவர் என்னிடம் சொன்னால் போதும். அவருக்கு அன்று முதலில் வந்தது நல்ல மனசு என்பதை நான் மறக்கவில்லை என்றும் அவரிடம் சொல்லுவேன்.

இஸ்மாயில் முதலாளியும் அவருடைய கூட்டத்தாரும், நோயாளி வீட்டுக்கு யோக்கியச் சீட்டுக் கேட்பதை நிறுத்த வேண்டும். காய்ச்சல் சீட்டுப் பார்த்து வருவதில்லை. வீட்டில் படுக்கை இருக்கிறதா, அடுப்பு எரிகிறதா என்று பக்கத்துக் காம்பராவில் கேட்டால் போதும்.

துரை, பழம் இன்னும் இரண்டு பருவம் வந்தால் இரண்டு பருவத்துக்கு, ஸ்டோர் வாசலில் நோயாளி வீட்டுக்கென்று ஒரு கூடையை எல்லோருக்கும் தெரிய வைக்க வேண்டும். இனி மறைத்துப் போட மாட்டோம். காப்பி போய் வேறு செடி வந்தாலும் அந்தக் கூடை நிற்க வேண்டும்.

நிரையில் நிற்கிற பெண்கள் ஆளுக்கு ஒரு பிடி போட வேண்டும். ஒன்றுதான். பாசம் மிஞ்சினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பொன்னி, சிரிக்கும்போது வாயைப் பொத்தாமல் இருக்கப் பழக வேண்டும்.

நான், கங்காணி சொல்லுகிறவரை தினமும் காலையில் பிரட்டுக் களத்தில் போய் நிற்பேன். இந்த வயதில் எனக்கு அங்கே வேலை இல்லை, பேரும் இல்லை. மழை என்றாலும் நிற்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உனக்கு வேலை ஒன்றும் வைக்கவில்லை, மருதாயி. நீ படுத்திரு.

உன் பேச்சை மீறிவிட்ட,
உன் ஒரே அண்ணன்,
சடையன்